புகார் இல்லாத நாட்கள்

திருத்தங்கல்லில் நான் வேலை பார்த்த அச்சாபீஸுக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு பச்சைப் பலகை மாட்டியிருக்கும். அதன் உச்சியில் வெள்ளைப் பெயின்டில் 'புகார் இல்லாத நாட்கள்' என்று அழியாதபடி எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே சாக்பீஸில் ஓர் எண். தினமும் காலை எட்டரை மணிக்கு ஈரத்துணியால் முந்தைய நாள் எண்ணைத் துடைத்து, ஒன்று கூட்டி எழுதுவது என் வேலை. நான் அதை அழகாகவே செய்தேன். எண்ணின் கால் வளைவுகளைக்கூட ஒரே அளவில் போடுவேன். கடைசியாக நான் எழுதிய எண் நூற்றுப் பதினெட்டு. அன்று பதினோரு மணி வாக்கில், தாள் வெட்டுகிற கட்டிங் அண்ணனின் வலது கையில் நான்கு விரல்கள் போயின.

அந்தப் பலகையைக் கொண்டுவந்த மனிதரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. என்னைப் பற்றியும் அப்படித்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள் அவை. ப்ளஸ் டூ முடித்து, தட்டச்சு கற்றுக்கொண்டு, காலண்டர் அடிக்கும் அந்தக் கம்பெனியில் புரூஃப் பார்க்கச் சேர்ந்தேன். என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவள். அப்பா வெடி ஆபீஸில் சரவெடி பின்னியவர். அவர்களைப் பெற்றவர்கள் அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர்கள். வெடிமருந்து நெடி இல்லாமல், உட்கார்ந்து, மேலே ஃபேன் சுற்ற, கையில் பேனாவோடு செய்கிற வேலை என்பது எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் வாய்த்ததில்லை. அந்த வேலை என்னைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற பயம் எனக்குள் எப்போதும் இருந்தது. பின்னால் நான் செய்த காரியங்களுக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அது இருந்தது.

நான் சேர்ந்தபோது மேனேஜராக இருந்தவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம். அவர் பேசி நான் கேட்டதில்லை, கத்தித்தான் கேட்டிருக்கிறேன். மெஷின் சத்தத்தையும் மீறி மூன்றாவது ஷெட்டில் இருப்பவனைத் திட்டுவார். பெண்களையும் விடமாட்டார். பைண்டிங் பகுதியில் ஒரு மதினி இருந்தார். என் தெருக்காரர், சொந்தமில்லை என்றாலும் மதினி என்று கூப்பிட்டுப் பழகியவர். அவரைப் பார்த்து அண்ணாச்சி ஒருநாள் சொன்ன சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன். அன்று மதினி கழிவறையில் அரை மணி நேரம் அழுதார். அண்ணாச்சியை நான் வெறுத்தேன். அவர் பைக் சத்தம் கேட்டாலே கையிலிருக்கும் புரூஃபை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வேன்.

ஆனால் அவர் கத்தியதால் நாங்களும் கத்தினோம். இது எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்த ஷெட்டில் எல்லாருக்கும் வாய் இருந்தது. முக்கியமாகக் கட்டிங் அண்ணனுக்கு. அச்சடித்த தாள் கட்டுகளை அளவுக்கு வெட்டும் பெரிய மெஷினை ஓட்டியவர் அவர். "அண்ணாச்சி, முதல்ல வாய மூடுங்க. பிளேடு மொண்ணையா இருக்குன்னு மூணு நாளாச் சொல்றேன். மாத்திக் குடுத்துட்டு அப்புறம் கத்துங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்வார். அண்ணாச்சி இன்னும் நாலு வார்த்தை திட்டுவார். மத்தியானத்துக்குள் புது பிளேடு வந்துவிடும். ஒரு சீசனில், தினசரி காலண்டர் தாள் ஓடிக்கொண்டிருந்தபோது ஓர் அமாவாசை ஒருநாள் தள்ளி விழுந்திருப்பதை நான் பார்த்துவிட்டேன். புரூஃபில் தவறவிட்டதும் நான்தான். "அண்ணாச்சி, மெஷின நிப்பாட்டுங்க!" என்று அலறினேன். அவர் வந்து தாளைப் பிடுங்கிப் பார்த்தார். "கண்ணு என்ன பின்னந்தலையிலயா இருக்கு?" என்று தொடங்கிப் பத்து நிமிஷம் என்னை உரித்தெடுத்தார். மெஷின் நின்றது. தாள் கொஞ்சம்தான் வீணானது. மறுநாள் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்கோ ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

கோயம்புத்தூரில் நிர்வாகம் படித்துவிட்டு முதலாளியின் மகன் வந்தபின் அண்ணாச்சியை அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக வந்தவர்தான் சார். வெளியூரில் பெரிய கம்பெனியில் இருந்தவர் என்றார்கள். வெளிர்நீல முழுக்கைச் சட்டை, நன்றாக இஸ்திரி போட்டது. தாழ்ந்த குரல். எதிரில் நிற்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் தலையசைத்துக்கொண்டே கேட்பார். வந்த முதல் நாளே தச்சரை வரவழைத்து, தன் அறைக் கதவைக் கீல்களோடு கழற்றச் சொன்னார். எங்களையெல்லாம் நிற்கவைத்து, "இனிமே இந்த ரூமுக்குக் கதவே கிடையாது. யாருக்கு என்ன பிரச்சினைன்னாலும் எப்ப வேணும்னாலும் வரலாம்" என்றார். நாங்கள் கை தட்டினோம். கழற்றிய கதவு பைண்டிங் பகுதிக்குப் போய், இரண்டு டிரம்களின் மேல் பலகையாகக் கிடந்தது. பெண்கள் அதன் மேல் காலண்டர்களை அடுக்கினார்கள்.

இன்னொன்றும் சொன்னார். "அண்ணே, அக்கா, அண்ணாச்சி, இதெல்லாம் வீட்டுல. இங்க எல்லாரும் சார், மேடம்." முதல் நாள் முழுக்கச் சிரிப்பாகக் கிடந்தது. கட்டிங் அண்ணன் என்னைப் பார்த்து, "மேடம், கொஞ்சம் தள்ளி நிக்கீகளா மேடம்?" என்றார். ஆனால் மதினி வீட்டுக்குப் போகும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய வாங்க, போங்கங்கிறாருடி. எம் புருசன்கூட அப்படிக் கூப்பிட்டதில்ல" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. அது பொய்யில்லை. முதல் இரண்டு மாதம் நாங்கள் சாரைக் கொண்டாடினோம். அதை மறைத்து எழுதினால் நானும் அவரைப் போலத்தான் ஆவேன்.

மூன்றாவது மாதம் பலகை வந்தது. ஐம்பது நாள் ஒரு புகாரும் இல்லாமல் போனால் ஆளுக்கு அரைக்கிலோ ஸ்வீட். நூறு நாள் என்றால் முதலாளி குடும்பத்தோடு வந்து எல்லாரோடும் போட்டோ எடுத்துக்கொள்வார். புகார் என்று சார் சொன்னது காலண்டர் வாங்குகிறவர்களின் புகாரை மட்டுமல்ல. எங்கள் புகாரையும் சேர்த்துத்தான். "புகார் இல்லைன்னா எல்லாம் சரியா நடக்குதுன்னு அர்த்தம்" என்று விளக்கினார். எங்களுக்கும் சரியென்றே பட்டது.

நாற்பத்தொன்றாம் நாள் மதினி அந்தக் கதவில்லாத அறைக்குள் போனார். பெண்கள் கழிவறையில் தாழ்ப்பாள் உடைந்து இரண்டு வாரமாகியிருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். கதவில்லாததால் மதினி உள்ளே நிற்பதும், கையை ஆட்டிப் பேசுவதும் ஷெட்டில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. சார் எழுந்து நின்று கேட்டார், குறித்துக்கொண்டார், நன்றி சொன்னார். சாயங்காலத்துக்குள் புதுத் தாழ்ப்பாள் வந்தது. மறுநாள் காலை எங்களைப் பலகை முன்னால் கூட்டினார். "மேடம் சொன்னது நியாயமான விஷயம். யாரையும் நான் குறை சொல்லல. ஸ்வீட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தேன், நிறுத்திட்டேன். பரவாயில்ல, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்போம்" என்று சொல்லி, நாற்பத்தொன்றைத் துடைத்துப் பூஜ்யம் போட்டார். போட்டுவிட்டு மதினியைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது மதினிக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "தாப்பாளுக்கு இன்னும் ஒம்பது நாளு பொறுக்க முடியலையாக்கும்" என்று ஒருத்தி சொன்னாள். அந்தப் பேச்சுக்கு உரக்கச் சிரித்தவள் நான். அண்ணாச்சி திட்டி மதினி அழுதபோது அவரைச் சுற்றி ஆறு பேர் நின்றிருந்தோம். சார் சிரித்தபோது ஒருவரும் நிற்கவில்லை. அந்த மனிதர் ஒரு கெட்ட வார்த்தை பேசாமல், ஒரு விரலை நீட்டாமல், எங்களைக் கொண்டே எங்களைத் தண்டிக்கக் கற்றுவைத்திருந்தார்.

அதற்கப்புறம் யாரும் அந்த அறைக்குள் போகவில்லை. போனால் எல்லாருக்கும் தெரியும். கதவு இருந்திருந்தால் சாத்திக்கொண்டு நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பலகையில் எண் மறுபடி இருபதைத் தாண்டியபோது சார் என்னைக் கூப்பிட்டார். "உங்க கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஒரு நோட்டு போட்டு, தினமும் யார் எப்படி இருக்காங்க, மனசுல என்ன ஓடுதுன்னு எழுதிக் கொடுங்க. நான் எல்லாரையும் புரிஞ்சுக்கணும்." கோஆர்டினேட்டர் என்று ஒரு பதவியும், அவர் அறைக்கு வெளியே ஒரு நாற்காலியும் கிடைத்தன. வீட்டில் அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். நான் எழுதினேன். யார் தாமதமாக வந்தது, யார் யாரிடம் ரொம்ப நேரம் பேசுகிறார்கள், எந்த மெஷின்காரருக்கு வீட்டில் சண்டை. நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றது. மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் அப்படி நினைப்பது எனக்குச் சுகமாக இருந்தது.

ஷெட் அமைதியாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதைப் பாராட்டினார்கள். தப்பாக அடித்த தாளை மெஷின்காரர் நான்காக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வெளியே கொண்டுபோனார். நிறம் மாறிய தாள்கள் கட்டின் நடுவில் சொருகப்பட்டன. எவர் தப்பும் எவருக்கும் தெரியக் கூடாது என்பதிலேயே பாதி வேலை நேரம் போனது. என்னிடம் வந்து அடுத்தவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் மட்டும் கூடினார்கள். தன்னைப் பற்றி மற்றவன் சொல்வதற்குள் தான் முந்திக்கொள்ள வேண்டுமே. ஒருவருக்கொருவர் மேடம், சார் என்று கூப்பிட்டுக்கொண்டே அதைச் செய்தோம்.

கட்டிங் அண்ணனின் வாய் எப்போது அடங்கியது என்று எனக்குத் தெரியும். காலண்டர் சீசன் சூடு பிடித்த ஐப்பசியில் ஒரு மீட்டிங். ஒரு நாளைக்கு வெட்ட வேண்டிய கட்டுகளை ஒன்றரை மடங்காக்கி எழுதியிருந்தார் சார். "இந்த மெஷின்ல இம்புட்டு வேகம் ஆகாது. பழைய மெஷினு, கை வைக்கிற எடம்" என்றார் அண்ணன். சார் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்து, "முடியும்னு சொல்ற ஒருத்தர் நமக்குக் கிடைப்பாரா, தேடிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். கோபமே இல்லை. அண்ணனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் பத்தாவது. "சரிங்க சார், பாக்கேன் சார்" என்றார். அவர் சார் என்று கிண்டல் இல்லாமல் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அந்த மெஷினில் பிளேடு இறங்க வேண்டுமென்றால் இரண்டு ஓரத்திலும் இருக்கும் இரண்டு பட்டன்களை ஒரே சமயத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது எந்தக் கையும் பிளேடுக்கு அடியில் இருக்க முடியாது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. கார்த்திகையில் ஒருநாள் நோட்டோடு அந்தப் பக்கம் போனபோது, வலது பட்டனின் இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகி மேலே டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். பட்டன் எப்போதும் அழுந்தியே இருந்தது. அண்ணன் இடது கையால் பிளேடை இறக்கிக்கொண்டே வலது கையால் அடுத்த கட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்ன இது?" என்றேன். அன்று எனக்கும் மேடம், சார் எல்லாம் மறந்துவிட்டது.

அவர் நிறுத்தாமலே சொன்னார்: "தெரியலையா? ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா அவரு கேட்ட கணக்கு வராது தாயி."

"கை போயிரும்ணே."

"பாத்துதான் விடுறேன். நீ நோட்டுல எழுதப் போறியா?"

நான் நோட்டை மூடிப் பிடித்துக்கொண்டேன்.

"எழுதாத. இன்னிக்குத் தொண்ணூத்தாறு. எழுதுனா பூஜ்யமாகும். அம்புட்டுப் பேரும் எம் மூஞ்சியப் பாப்பாக. அந்த மதினி பட்டதப் பாத்தேல்ல?"

நான் எழுதவில்லை. அவர் கேட்டுக்கொண்டதற்காக மட்டுமல்ல. இன்னும் நாலே நாளில் போட்டோ. முதலாளி குடும்பத்துக்குப் பக்கத்தில் யார் யார் நிற்பது என்ற பட்டியலை சார் என்னிடம்தான் எழுதக் கொடுத்திருந்தார். அதில் என் பெயர் முன்வரிசையில் இருந்தது. நூறாம் நாள் போட்டோ எடுத்தோம். கட்டிங் அண்ணன் பின்வரிசையில், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார்.

நூற்றுப் பதினெட்டாம் நாள் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அண்ணன் கத்தவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. வெட்டின தாளின் வெள்ளை ஓரங்கள் சிவந்ததைப் பக்கத்தில் நின்ற ஆள் பார்த்து ஓலமிட்டான். எல்லாரும் உறைந்து நிற்க, முதலில் ஓடியவர் மதினி. முந்தானையைக் கிழித்து மணிக்கட்டைச் சுற்றி இறுக்கி, "ஏலே, லோடு ஆட்டோவ எடுங்கலே!" என்று போட்ட சத்தம்தான் பல மாதங்களுக்குப் பிறகு அந்த ஷெட்டில் எழுந்த முதல் சத்தம். சார் அறையிலிருந்து வேகமாக வந்தார். அண்ணனை ஏற்றி அனுப்பியதும் எங்களைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் மாறவில்லை. "ஏன் யாருமே என்கிட்ட சொல்லல? என் ரூமுக்குக் கதவுகூடக் கிடையாதே?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக என்னைப் புண்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் கேள்வி அளவுக்கு வேறெதையும் நான் வெறுக்கவில்லை. அதைக் கேட்டபோது அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார் என்பதுதான் இன்னும் மோசம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தப் பட்டனில் தீக்குச்சியும் இல்லை, டேப்பும் இல்லை. பிசினைக்கூட யாரோ மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்திருந்தார்கள். யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆய்வுக்கு அதிகாரி வரப்போகிறார் என்று சார் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். "உண்மையை மட்டும் எழுதுங்க மேடம். உங்க நோட்டுல இந்த மெஷினைப் பத்தி ஏதாவது புகார் இருக்கா?"

"இல்ல சார்."

"அதை எழுதுங்க. ரெண்டு பட்டனும் வேலை செய்யுதுதானே?"

"செய்யுது சார்."

"அதையும் எழுதுங்க."

பொய் சொல்லச் சொல்லி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எழுதாமல் விட்டதை மட்டும் பத்திரமாக எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கடியில் பதினான்கு பேர், மதினி உட்பட, படிக்காமலே போட்டார்கள். தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த அண்ணனுக்கு, இனி அவர் வேலைக்கு வரத் தேவையில்லை என்று மிகுந்த மரியாதையோடு ஒரு கடிதம் போனது.

விபத்துக்கு மறுநாள் காலை எட்டரைக்கு ஈரத்துணியோடு பலகை முன் நின்றேன். நூற்றுப் பதினெட்டைத் துடைத்துவிட்டு, பூஜ்யம் போடுவதா என்று கேட்க சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "விபத்து வேற, புகார் வேற மேடம். புகார் எதுவும் வரலையே" என்றார். சாக்பீஸைக் கீழே வைத்தேன். அவரே அதை எடுத்து, நூற்றுப் பத்தொன்பது என்று எழுதினார்.

அன்றே வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. விடவில்லை. பலகையில் எழுதுவதை மட்டும் நிறுத்திக்கொண்டு மேலும் பதினோரு நாள் வேலைக்குப் போனேன். பன்னிரண்டாம் நாள் ஞாயிறு. அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் சட்டைப் பட்டனைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். "நீதான் எழுதிக் குடுத்தியாமே. எழுத்து முத்துமுத்தா இருந்துச்சுன்னு சொன்னாக."

"நீங்க எழுத வேணாம்னு சொன்னீக அண்ணே, அதான் அப்ப..."

"சொன்னேன். நோட்டுல எழுத வேணாம்னு சொன்னேன். ஆபீசருக்கு எழுதச் சொன்னேனா?"

நான் அழுதேன். அவர் தேற்றவில்லை. அவர் மனைவி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "குடிச்சிட்டுப் போங்க. இனிமே இங்கன வராதீக" என்றார். நடந்ததை நடந்தபடி மறுபடி எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னேன். "எழுதுனா எழுது. அதுக்காக எனக்கு உன்மேல மனசு ஆறும்னு நினைச்சுக்கிறாத" என்றார் அண்ணன்.

திங்கட்கிழமை சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் மனுக்காரர்கள் கூட்டம். பட்டா கேட்டு வந்தவர்கள், முதியோர் பென்ஷன் கேட்டு வந்தவர்கள், அவர்களுக்கு நடுவில் இரண்டு பக்க மனுவோடு நான். தீக்குச்சியை, டேப்பை, அதை நான் பார்த்த நாளை, பார்த்தும் இருபத்திரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்ததை, முதலில் கொடுத்த வாக்குமூலம் எப்படி எழுதப்பட்டது என்பதை எல்லாம் எழுதியிருந்தேன். எழுத்து கோணியிருந்தது. இரண்டு மாதம் கழித்து மறுவிசாரணை வந்தது. பதினான்கு பேரையும் மறுபடி கேட்டார்கள். பதின்மூன்று பேர் பழையதையே சொன்னார்கள். தாழ்ப்பாள் கேட்டதற்காக நாங்கள் ஒதுக்கிவைத்த மதினி மட்டும், "குச்சி இருந்துச்சு. நானும் பாத்தேன். சொல்லப் பயமா இருந்துச்சு, சொல்லல" என்றார். இரண்டு பேர் சொன்னதால் முடிவு மாறியது. அண்ணனுக்குச் சட்டப்படி சேர வேண்டியது சேர்ந்தது. பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்தார். நான் அந்தப் பக்கம் போனால் இன்றும் தலையசைப்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

மதினிக்கும் எனக்கும் அந்தக் கம்பெனியில் வேலை இல்லாமல் போனது. கூட வேலை பார்த்தவர்கள் எங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள். கம்பெனி பெயரைக் கெடுத்தோமாம். பலகையில் எண் பூஜ்யமானதே எங்களால்தானாம். சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைவிடப் பெரிய கம்பெனிக்குப் போனார்.

அண்ணாச்சி நல்லவர் என்று சொல்ல இதை எழுதவில்லை. மதினியைச் சொன்ன அந்தச் சொல்லுக்கு அவரை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் அவரிடம் எங்களுக்கிருந்த பயம் வெளியே தெரிந்தது. பயந்துகொண்டே திருப்பிக் கத்தினோம். சாரிடம் எங்களுக்கிருந்தது பயம் என்றே தெரியவில்லை. ஒழுக்கம் என்று நினைத்தோம், நாகரிகம் என்று நினைத்தோம்.

நாலைந்து வருஷம் கழிந்தது. சிவகாசியில் வேறொரு அச்சாபீஸில் செக்கிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். விருதுநகரில் ஒரு ஹோட்டல் மாடியில், தொழிற்கூடங்களின் சூப்பர்வைசர்களுக்காக ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். தலைப்பு, தலைமைப் பண்பு. பேச வந்தவர் சார். முடி நரைத்திருந்தது. வெளிர்நீலச் சட்டை மாறவில்லை. அரை மணி நேரம் பேசிய பின், "என் வாழ்க்கையில நான் பாடம் கத்துக்கிட்ட ஒரு சம்பவம் சொல்றேன்" என்று அந்த விபத்தைச் சொன்னார். ஒரு தொழிலாளி கையை இழந்தார். அந்த நாளிலிருந்து தான் காது கொடுத்துக் கேட்கும் தலைவனாக மாறியதாகச் சொன்னார். கதவைக் கழற்றிய கதையை அந்த விபத்துக்குப் பின்னால் நடந்ததாக மாற்றியிருந்தார். கூட்டம் உருகிப் போயிருந்தது. "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார்.

எழுந்தேன். "அந்தத் தொழிலாளி பேரு என்ன சார்?"

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிரித்தார். "பேர் முக்கியமில்ல மேடம், பாடம்தான் முக்கியம்."

நான் அண்ணனின் பெயரை அப்பா பெயரோடு சேர்த்துச் சத்தமாகச் சொன்னேன். கதவைக் கழற்றியது விபத்துக்கு முன்னால் என்றும் சொன்னேன். "நன்றி மேடம். இப்படித் தைரியமாப் பேசுறதைத்தான் நான் எப்பவும் ஊக்குவிக்கிறேன்" என்றார் சார். அதற்கும் கை தட்டினார்கள். உட்கார்ந்தேன்.

சாப்பாட்டுக்கு எழுந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என்னோடே நடந்து வந்தார். ஆலங்குளம் பக்கத்துக்காரர், ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில் சூப்பர்வைசர், இருபத்தைந்து வயதிருக்கும். கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் குனிந்து சொன்னார்: "அக்கா, எங்க மெஷின்ல கை உள்ள போனா நிக்கிற சென்சார் இருக்குல்ல, அத அவுத்து வச்சிட்டுத்தான் ஓட்டுறோம். ஒரு மாசமாச்சு."

"யார்கிட்டச் சொன்னீக?"

"ஒங்ககிட்டத்தான்."

அவரைப் பார்த்தேன். எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். வேலை போகும், கூட இருப்பவர்கள் பேச மாட்டார்கள், உங்களால் காப்பாற்றப்பட்டவர்கள்கூட உங்களை மதிக்க மாட்டார்கள். அவர் ஈரக் கையோடு நின்றார். "என் பேரு வராம முடியாதாக்கா? புள்ள கைக்கொழந்த" என்றார்.

"எந்தக் கம்பெனி, எந்த மெஷினுன்னு மட்டும் சொல்லுங்க. என் பேர்ல எழுதுறேன்."

குழாயை மூடாமலே இரண்டையும் சொன்னார். உள்ளே சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் படியிறங்கி, சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பயிற்சிக்கென்று கொடுத்திருந்த புது நோட்டின் முதல் பக்கத்தைப் பிரித்து, குலுங்கலோடு குலுங்கலாக எழுத ஆரம்பித்தேன்.